தடை, ஆட்சி, கட்டுப்பாடு: சென்னை நகரக் கருத்தடைச் சொல்லாடலில் தெரிவின் உரிமை

ஆய்வுச் சுருக்கம்

மகப்பேற்றை வேண்டியபோது ஏற்கவும் வேண்டாதபோது தவிர்க்கவும் மேற்கொள்ளும் முறைகளைக் குறிக்கத் தமிழில் கர்ப்பத்தடை, கர்ப்ப ஆட்சி, கருத்தடை, குடும்பக் கட்டுப்பாடு, குடும்ப நலம் எனப் பல சொற்கள் கடந்த நூறாண்டுகளில் வழங்கி வந்துள்ளன. இவை ஒரு பொருட் பன்மொழி போலத் தோன்றினும், யார் முடிவெடுப்பது என்னும் வினாவிற்கு ஒவ்வொன்றும் தரும் விடை வேறு. அடையாறு, மயிலாப்பூர் முதலான தென்சென்னைப் பகுதிகளையும் அவற்றோடு தொடர்புடைய மனிதர்களையும் களமாகக் கொண்டு இச்சொற்களின் வரலாற்றையும், பேச்சு வழக்கில் இப்பொருள் ஏற்கும் வினைவடிவங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கர்ப்பத்தடை, கர்ப்ப ஆட்சி, குடும்பக் கட்டுப்பாடு, உளப்பாட்டுத் தன்மை, துணைவினை, சென்னை.

பேறு என்னும் கருத்தாக்கம்

தமிழ் மரபில் குழந்தை 'பெறப்படுவது'. மகப்பேறு, பிள்ளைப்பேறு, மக்கட்பேறு ஆகிய தொடர்களில் வரும் பேறு என்னும் சொல் ஈன்றெடுத்தலையும் கிடைத்தற்கரிய நன்மையையும் ஒருங்கே சுட்டும். இரண்டையும் பிரிக்க இடந்தராத இச்சொல், பெறாமையைத் தெரிவாகக் கருதும் வாய்ப்பைத் தொடக்கத்திலேயே அடைத்துவிடுகிறது. திருக்குறளில் மக்கட்பேறு எனப் பரவலாக வழங்கும் அதிகாரத்திற்குப் பரிமேலழகர் கொண்ட தலைப்பு புதல்வரைப் பெறுதல் என்பது. அவ்வதிகாரத்தின் முதற்குறள் உரையில், மக்கள் என்னும் பெயர் அவ்விடத்துப் பெண்ணை ஒழித்து நின்றது என்று அவர் வெளிப்படையாகவே எழுதுகிறார். எத்தனை பெறுவது என்பதற்கு முன்பே எதைப் பெறுவது என்பது உரைமரபில் முடிவாகியிருந்தது.

கருத்தரிப்புக்குரிய காலம் பற்றிய அறிவு பழந்தமிழ் நூல்களுக்குப் புதிதன்று. பூப்பைச் சார்ந்த பன்னிரண்டு நாளும் தலைவன் தலைவியைப் பிரிந்துறைதல் கூடாது எனத் தொல்காப்பியக் கற்பியல் விதிக்கிறது. அது கருத்தோன்றும் காலம் என்பது உரையாசிரியர்கள் காட்டும் காரணம். 1920களில் ஜப்பானில் ஓகினோவும் ஆஸ்திரியாவில் கினாவுசும் தனித்தனியே கண்டறிந்து, பின்னர் 'பாதுகாப்பான நாள்' முறையாக உலகெங்கும் பரவிய கணக்கு, எந்நாளில் கூடினால் கரு தங்காது என்பதைச் சொன்னது. தொல்காப்பிய நூற்பா எந்நாளில் பிரியலாகாது என்பதைச் சொல்கிறது. கணக்கிடப்படுவது நாள்தான், நோக்கம் நேரெதிர். நூற்பாவில் கட்டளை பெறுபவன் தலைவன் என்பதும் கருதத்தக்கது. தலைவியின் உடல்நிலை காலத்தை அறிவிக்கும் குறியாக மட்டுமே அங்கு இடம்பெறுகிறது.

கருவை அழித்தலைச் சங்க இலக்கியம் அறிந்திருந்தது. ஆனால் பாவப் பட்டியலில் வைத்தே அறிந்திருந்தது. ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூற்று 34ஆம் பாடல், கழுவாயுள்ள கொடுஞ்செயல்களுள் ஒன்றாகக் கருச்சிதைத்தலைச் சொல்லி, அவற்றினும் கொடிதாகிய செய்ந்நன்றி கோறலுக்குக் கழுவாய் இல்லை என முடிக்கிறது. கருவுறாமலே தடுத்தலுக்குத் தனிப்பெயர் வேண்டிய நிலை அச்சடித்த நூல்களின் காலத்திலேதான் எழுந்தது.

ஒரு வழக்கும் ஒரு தோட்டமும்

அந்நூல்களுள் முதன்மையானது அடையாற்றோடு எதிர்பாராத வகையில் தொடர்புடையது. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நோல்ட்டன் 1832இல் எழுதிய 'மெய்யியலின் கனிகள்' என்னும் கருத்தடை நூலை இலண்டனில் மறுபதிப்புச் செய்தமைக்காகச் சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசன்டும் 1877இல் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டனர். தண்டனைத் தீர்ப்பு மறு ஆண்டு நடைமுறைப் பிழை காரணமாகத் தள்ளுபடியாயிற்று. எனினும் அதே 1878இல் பெசன்ட் தம் மகளைத் தம்மிடம் வைத்திருக்கும் உரிமையை இழந்தார். நோல்ட்டனின் நூலுக்கு மாற்றாக அவரே 'மக்கள்தொகை விதி' என்னும் சிறுநூலை எழுதி வெளியிட்டார்.

அவ்வழக்கின் அதிர்வு சென்னையை விரைவில் எட்டியது. 1882ஆம் ஆண்டளவில் இங்கு மால்தூசியச் சங்கம் ஒன்று தோன்றியது. சென்னை இலௌகிக சங்கத்தார் நடத்திய தத்துவ விவேசினி (1882–1888) என்னும் தமிழிதழும் அதன் ஆங்கிலத் துணையிதழும் பிராட்லாவின் நாத்திகச் சிந்தனை மரபைத் தமிழ் வாசகர்க்குக் கொண்டுவந்தன. பேராசிரியர் வீ. அரசு இவ்விதழ்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்திராவிடில், இப்பொருள் பற்றிய தமிழ்ச் சொல்லாடல் 1920களில் தொடங்கியது என்னும் எண்ணமே நிலைத்திருக்கும்.

பெசன்டோ 1889இல் பிரம்மஞானத்தைத் தழுவி, 1891இல் 'மக்கள்தொகை விதி'யைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மனிதன் ஆன்மிக இயல்பினன். இச்சையை அடக்குதலே வழி என்பது அவர் தந்த விளக்கம். 1893இல் இந்தியா வந்து, 1907 முதல் 1933இல் மறையும்வரை பிரம்மஞான சபையின் தலைவராக அடையாற்றில் வாழ்ந்தார். கருத்தடை நூலுக்காகத் தாய்மை உரிமையை இழந்த ஒருவர், அந்நூலைக் கைவிட்ட பின்னரே சென்னைப் பொதுவாழ்வின் நடுவில் வந்து நின்றார். இதில் முரண் காண்பது எளிது. எனினும், தன்னடக்கம் என்னும் கொள்கை பின்னாளில் காந்தியடிகளின் வாயிலாக இந்நாட்டுப் பெண்கள் அமைப்புகளில் பெற்ற வலிமையை நோக்கினால், பெசன்டின் மனமாற்றத்தைத் தனிமனிதச் சறுக்கலாக மட்டும் கொள்ள இயலாது. 1935 டிசம்பரில் மார்கரெட் சாங்கர் வார்தா சென்று காந்தியடிகளோடு உரையாடியபோது எதிரெதிர் நின்றவை, பெசன்டின் வாழ்விலேயே ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்த இரு நிலைப்பாடுகள்தாம்.

மயிலாப்பூர் ஆங்கிலமும் குடிஅரசுத் தமிழும்

1920களின் இறுதியில் சென்னை நவ மால்தூசியச் சங்கம் உருவாயிற்று. உயர்நீதிமன்ற நீதிபதி வேப்பா இராமேசம், மயிலாப்பூரில் வாழ்ந்த பி. எஸ். சிவசாமி அய்யர் முதலியோர் அதனோடு தொடர்புடையோர். சங்கத்தை வழிநடத்தியோர் பெரும்பாலும் உயர்சாதியைச் சேர்ந்த, சட்டத்துறையிலும் அரசுப்பணியிலும் உயர்நிலை எய்திய ஆண்கள். அவர்தம் வெளியீட்டு மொழி ஆங்கிலம். வறுமை, மக்கள்தொகைப் பெருக்கம், இனமேம்பாடு என்பன அவர்தம் வாதத்தின் அடிப்படைகள். பெண்கல்விக்குத் துணைநின்று, இன்றும் மயிலாப்பூரில் தம் மனைவி பெயரால் வழங்கும் பெண்கள் பள்ளிக்குக் காரணமான சிவசாமி அய்யரைப் பெண்நலனில் அக்கறையற்றவர் என்று கூற இயலாது. ஆயினும் அச்சங்கத்தின் சொல்லாடலில் பெண் முடிவெடுப்பவளாக வரவில்லை. மிகையாக ஈன்று நலிபவளாகவே வருகிறாள். நலிவுக்கு இரங்குதல் வேறு, முடிவுக்கு இடங்கொடுத்தல் வேறு.

அதே காலத்தில் தமிழில் எழுதியவர்கள் சுயமரியாதை இயக்கத்தார். பின்னர்ப் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்னும் நூலில் இடம்பெற்ற பெரியாரின் 'கர்ப்பத்தடை' என்னும் கட்டுரை, இப்பொருள் குறித்த தமிழ் எழுத்துகளுள் திருப்புமுனையானது. கருத்தடையை ஆதரிக்கும் பிறர் பெண்ணின் உடல்நலம், நாட்டின் பொருள்நிலை, குடும்பச் சொத்துச் சிதறாமை ஆகியவற்றைக் காரணமாகச் சொல்ல, தாம் பெண்ணின் விடுதலையையே காரணமாகக் கொள்வதாகப் பெரியார் அதில் பிரித்துக் காட்டுகிறார். நவ மால்தூசியச் சங்கத்தாரோடு அவர் உடன்பட்டது செயலில், மாறுபட்டது காரணத்தில். காரணம் மாறினால் செயலின் எல்லையும் மாறும் என்பதே இங்கு முதன்மையானது. நாட்டின் வறுமை தீர்ந்தால் மால்தூசியர் கருத்தடையைக் கைவிடலாம். சொத்துப் பெருகினால் குடும்பத் தலைவர் கைவிடலாம். விடுதலையைக் காரணமாகக் கொண்டவர்க்கு அத்தகைய முடிவுநாள் இல்லை.

சொல்லின் அமைப்பிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். கர்ப்பத்தடை என்பது வடசொல்லும் தமிழ்ச்சொல்லும் இணைந்த தொகை. தடை என்பது ஒன்றை நிறுத்துவது. நிறுத்துபவர் யார் என்பதை அச்சொல் சொல்லாது. குடிஅரசுப் பதிப்பாக 1930களில் வெளிவந்த சிறுநூலின் பெயர் 'கர்ப்ப ஆட்சி'. ஆட்சிக்கு ஆள்பவர் வேண்டும். கருவை ஆள்பவள் கருவுறுபவள் என்பதை விளக்கமின்றியே உணர்த்தும் இத்தொடர், கட்டுப்படுத்தல் எனவும் ஆளுதல் எனவும் பொருள்படும் ஆங்கில மூலச்சொல்லின் இரு பொருளுள் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டது. தமிழ் முதற்பொருளையே பின்னாளில் ஏற்றது என்பது இவ்வரலாற்றின் வருந்தத்தக்க திருப்பம். கர்ப்ப ஆட்சி என்னும் தொடர் இன்று அகராதியில் தேடினும் அரிதாகவே கிட்டும்.

இலக்கியத்திலும் இதன் எதிரொலி கேட்டது. 1938இல் வெளிவந்த பாரதிதாசன் கவிதைகள் முதல் தொகுதியில் 'தவிப்பதற்கோ பிள்ளை?' என்னும் பாடல் பெண்ணுலகு என்னும் பகுதியில், கைம்மைக் கொடுமை பற்றிய பாடல்களையடுத்து, இரு தாலாட்டுகளுக்கு முன்னர் வைக்கப்பட்டுள்ளது. கருத்தடையை வலியுறுத்தும் பாட்டைத் தாலாட்டின் பக்கத்தில் வைத்த அமைப்பு, குழந்தையை வேண்டுதலும் வேண்டாமையும் ஒரே மனத்தின் இருவேறு பொழுதுகள் என்பதை எந்த உரைநடை விளக்கத்தினும் நன்கு காட்டுகிறது.

அகில இந்தியப் பெண்கள் மாநாடு 1932இல் இலக்னோவில் கருத்தடை முறைகளை மருத்துவ நிலையங்களில் கற்பிக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, இராணி மேரி கல்லூரியில் ஆசிரியப் பணியாற்றிய தன்வந்தி ராமராவ் 1949இல் பம்பாயில் இந்தியக் குடும்பத் திட்டச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மெரினாக் கரையில் தொடங்கிய ஒரு கல்விப் பயணம் உலகளாவிய அமைப்பொன்றின் தலைமைவரை சென்றது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

ஊர்க் கட்டுப்பாடும் குடும்பக் கட்டுப்பாடும்

1952இல் இந்திய அரசு குடும்பத் திட்டத்தைத் தன் திட்டமாக ஏற்றபின் தமிழில் நிலைபெற்ற தொடர் குடும்பக் கட்டுப்பாடு. கட்டுப்படு என்னும் வினையிலிருந்து பிறந்த கட்டுப்பாடு என்னும் சொல் தமிழ்ச் சமூகத்தில் ஏற்கெனவே பயின்றது: ஊர்க் கட்டுப்பாடு, சாதிக் கட்டுப்பாடு. தனிமனிதர் தம் விருப்பத்தை விடுத்துப் பொதுமுடிவுக்கு இணங்குதலே அதன் உட்பொருள். மீறினால் விலக்கிவைத்தல் உண்டு. அச்சொல்லோடு குடும்பம் சேர்ந்தபோது, கருவும் பெண்ணும் சொல்லிலிருந்து ஒருசேர மறைந்தன. கட்டுப்படுவது குடும்பம், எதற்குக் கட்டுப்படுவது என்பது சொல்லப்படவில்லை.

இம்மறைவின் விளைவை எண்கள் காட்டுகின்றன. ஆர். ஏ. கோபாலசுவாமி தலைமைச் செயலாளராக இருந்த காலத்தில், 1956இல், சென்னை மாநில அரசு கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் வழங்கத் தொடங்கியது. நாட்டில் இம்முறைக்கு அதுவே முன்னோடி. பின்னர் ஆள் அழைத்து வருவோர்க்கும் ஊக்கத்தொகை கிடைத்தது. அக்காலத்தில் அறுவைக்கு உட்பட்டோருள் பெரும்பகுதியினர் ஆண்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள்; ஆண்களின் அறுவையோ 1 விழுக்காட்டையும் எட்டவில்லை. சுமை ஒரு பாலிடமிருந்து மறுபாலிடம் முழுமையாக இடம்பெயர்ந்தது. அதைக் குறிக்கும் சொல் ஓர் எழுத்தும் மாறவில்லை. குடும்பம் என்னும் சொல் இவ்விடத்தில் செய்யும் வேலை இதுவே.

அடையாறு காந்திநகரில் இந்திய மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்தை 1950இல் தொடங்கிய மக்கள்தொகையியலாளர் எஸ். சந்திரசேகர் 1967இல் நடுவண் அரசில் குடும்பத் திட்டத்துறைக்குப் பொறுப்பேற்றார். அவர் காலத்தில், 1968இல், மூன்று 15 காசு என்னும் விலையில் ஆணுறை நாடெங்கும் பரவியது. தேயிலையும் சோப்பும் விற்கும் நிறுவனங்களின் வழியே பெட்டிக்கடை வரை சென்ற அதற்கு இடப்பட்ட பெயர் நிரோத். தடுத்தல் எனப் பொருள்படும் வடசொல். அதாவது அரசு மீண்டும் 'தடை'க்கே வந்து சேர்ந்தது. வணிகப்பெயர் பொதுப்பெயராகித் தமிழ்நாட்டில் நெடுங்காலம் நிலைத்தமைக்கு, வாய்விட்டுச் சொல்லத்தக்க தமிழ்ச்சொல் ஒன்று வழக்கில் இல்லாமையும் ஒரு காரணமாகலாம். பதவியிலிருந்து விலகியபின் அதே சந்திரசேகர், நோல்ட்டன் – பெசன்ட் வழக்கைப் பற்றியும் அந்நூல்களைப் பற்றியும் 1981இல் விரிவாக எழுதி வெளியிட்டார். அடையாற்றில் வாழ்ந்த பெசன்ட் கைவிட்ட நூலை, அடையாற்றில் நிறுவனம் கண்ட மற்றொருவர் உலக அரங்கில் மீட்டெடுத்தார்.

அக்காலத்து முழக்கங்களுள் தமிழ் இலக்கணத்தார் நின்று நோக்கத்தக்கது 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்பது. இதன் இந்தி மூலத்தில் உள்ள தன்மைப் பன்மைச் சொல் முன்னிலையாரை உட்படுத்துமா விலக்குமா என்பதைக் காட்டாது. தமிழில் அத்தெளிவின்மைக்கு இடமில்லை. நாம் அல்லது நாங்கள் என ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். நாங்கள் இருவர், எங்களுக்கு இருவர் என்றிருந்தால் அது கணவனும் மனைவியும் பிறரை நோக்கிக் கூறும் அறிவிப்பு. அரசும் அப்பிறருள் ஒன்றாகிவிடும். நாம் இருவர் என்றதனால் அது இருவரும் தமக்குள் பேசிக்கொள்ளும் அந்தரங்கப் பேச்சாயிற்று. ஆனால் அது சுவரெங்கும் எழுதப்பட்டு, பேருந்தின் பின்புறத்தில் சிவப்பு முக்கோணத்தோடு ஊர் சுற்றியது. படுக்கையறைப் பேச்சின் இலக்கணத்தில் அரசு பேசியது என்பதே இம்முழக்கத்தின் வெற்றிக்கும் அதன் நெருடலுக்கும் காரணம். மொழிபெயர்த்தவர் யாராயினும் அவர் மொழியுணர்வு மிக்கவர்.

நெருக்கடி நிலைக் காலத்தின் கட்டாய அறுவைகள் விளைத்த வெறுப்பால், 1977இல் துறையின் பெயர் குடும்ப நலம் என மாற்றப்பட்டது. பெயர்ப்பலகை மாறியதேயன்றி மக்கள் வழக்கு மாறவில்லை. 'குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு' என்பதே இன்றுவரை வழக்கு.

செய்துகொண்டாளா, செய்துவிட்டார்களா?

சென்னைப் பேச்சு வழக்கில் இப்பொருளுக்கு மறைமொழிகள் பல. கருவுற்றிருத்தலை முழுகாமல் இருத்தல் என்பது பழைய வழக்கு. மாதவிலக்கு நின்றதால் தலைமுழுகாமையைக் காரணமாகக் கொண்டது. நாள் தள்ளிப் போயிருக்கிறது என்பது ஐயநிலை. இரு பிள்ளைகளுக்கிடையே காலம் விடுதலை 'கேப் விடறது' என்பர். கருவிகளின் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலம்: லூப், காப்பர்-டி, மாத்திரை என்னாது டேப்லெட். மயிலாப்பூர் அக்கிரகாரத்து வழிவந்த வீட்டிலும் மீனவர் குப்பத்து வீட்டிலும் இவ்வாங்கிலச் சொற்கள் ஒன்றே. சாதிக்கொரு பேச்சு வழக்குள்ள நகரில் இத்தகைய பொதுமை வியப்புக்குரியது. மருத்துவமனையே இச்சொற்களின் ஒரே ஊற்று என்பதை அது காட்டுகிறது. தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த சொல்லாயிருந்தால் குடிக்கொரு வடிவம் பெற்றிருக்கும்.

பெயர்ச்சொல்லினும் வினையே மிகுதியும் பேசுகிறது. அறுவை பற்றிய கூற்றுகளை இரண்டாகப் பகுக்கலாம். ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன் என்பதில் கொள் என்னும் துணைவினை செயலின் பயனைச் செய்பவர்க்கே ஆக்குகிறது. ஆபரேஷன் பண்ணிட்டாங்க என்பதில் விடு என்னும் துணைவினை முடிவைக் காட்டுகிறது. எழுவாய் மருத்துவரோ மாமியாரோ யாரோ. பேசுபவள் அவ்வாக்கியத்தில் செயப்படுபொருளாகக்கூட வெளிப்படுவதில்லை. இரண்டாம் பிள்ளை பிறந்த கையோடு, மகப்பேற்று மேசையிலேயே அறுவை முடிந்துவிடும் நடைமுறை பரவலாக உள்ள மாநிலத்தில் இவ்விரு வாக்கியங்களுக்கிடையேயான தொலைவு இலக்கணத் தொலைவு மட்டுமன்று. இந்திய அரசின் நெறிமுறைப்படி அறுவைக்குத் துணைவரின் ஒப்புதல் தேவையில்லை. எழுத்தில் உள்ளது பண்ணிக்கொள்ளுதல். வாய்மொழியில் வருவது பண்ணிவிடுதல்.

கருக்கலைப்பு பற்றிய பேச்சில் தன்வினையும் பிறவினையும் அறத்தீர்ப்பாகவே இயங்குகின்றன. கலைஞ்சிடுச்சு என்றால் இரக்கம். கலைச்சுட்டா என்றால் பழி. மெலியெழுத்து வல்லெழுத்தாகும் ஒலிமாற்றம் ஒன்றே இரண்டிற்கும் இடையில் உள்ளது. கலைத்தவளும் கலைந்தது என்றே சொல்ல நேர்வதால், உண்மையில் எத்தனை முறை தெரிவு நிகழ்ந்தது என்பதை மொழியே மறைத்துவிடுகிறது. 1971இல் இயற்றப்பட்டு 1972 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டம், வயதுவந்த பெண்ணின் ஒப்புதலை மட்டுமே கேட்கிறது. அச்சட்டத்தில் கருத்தடை தோல்வியுற்ற நிலையைப் பற்றிய விளக்கம் மணமான பெண்ணையும் அவள் கணவனையுமே குறிப்பிட்டிருந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் மணமான பெண் என்பதைப் பெண் என்றும், கணவன் என்பதைத் துணைவர் என்றும் மாற்றியது. ஒரு சொல் நீக்கமும் ஒரு சொல் மாற்றமுமே. ஆயினும் உச்சநீதிமன்றம் 2022 செப்டம்பரில் மணமாகாத பெண்களுக்கும் 20 முதல் 24 வாரம் வரையான காலத்திற்குரிய உரிமையை விரித்துத் தீர்ப்பளித்தபோது இச்சொல் மாற்றத்தையே அடிப்படைகளுள் ஒன்றாகக் கொண்டது. தமிழில் அத்துணைவர் என்னும் சொல்லுக்கு மருத்துவமனை வரவேற்பு மேசையில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. 'ஹஸ்பெண்ட் வந்திருக்காரா?' என்பதே அங்கு முதல் வினா.

கேட்கவியலாச் சொல்

உறவுக்குப் பின் உட்கொள்ளும் அவசரக் கருத்தடை மாத்திரை, மருத்துவர் சீட்டின்றி விற்கத்தக்கதாக நடுவண் அரசின் விதிகளால் 2000களின் நடுப்பகுதியில் ஆக்கப்பட்டது. எனினும் சென்னை மருந்துக் கடைகள் பலவற்றில் பல்லாண்டுகளாக அது இருப்பில் வைக்கப்படுவதில்லை என்பது நாளிதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவான செய்தி. மூன்று நாளுக்குள், அதிலும் எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்று என உட்கொள்ளவேண்டிய மருந்து அது. தியாகராய நகரிலோ அடையாற்றிலோ கடை கடையாக ஏறியிறங்கும் பெண்ணுக்குக் காலமே மருந்தின் பாதி.

இங்குத் தமிழாய்வாளர் நோக்கவேண்டியது, இம்மருந்துக்குக் கடையில் நின்று சொல்லத்தக்க தமிழ்ப்பெயர் இல்லாமை. அவசரக் கருத்தடை மாத்திரை என்னும் நீண்ட தொடரைக் கூட்டம் நிறைந்த கடையில் எவரும் உரக்கச் சொல்வதில்லை. ஆங்கில வணிகப்பெயரைத் தாழ்குரலில் சொல்வர். அதுவும் இயலாதோர் துண்டுத்தாளில் எழுதிக் காட்டுவர். கடைக்காரரின் 'இல்லைம்மா' என்னும் விடையில், இருப்பில்லை என்பதும் உனக்கில்லை என்பதும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. மருந்தைக் கருக்கலைப்பு மாத்திரையென்று மயங்குவோர் வாங்குபவரிடையேயும் விற்பவரிடையேயும் உளர். அவசரக் கருத்தடை மாத்திரை முதன்மையாகக் கருமுட்டை வெளிப்படுதலைத் தள்ளிப்போடுவது. தங்கிய கருவை அது கலைப்பதில்லை. தடைக்கும் கலைப்புக்கும் புறநானூற்றுக் காலம் முதல் தமிழில் தனித்தனிச் சொல் வளராமையின் நீண்ட நிழல் மருந்துக் கடை வரை விழுகிறது. (கருத்தடை என்னும் சொல்லைக் கருத்து, அடை எனப் பிரித்துப் பொருள்கொண்டாலும் இவ்விடத்திற்குப் பொருந்திவருவது தற்செயலே.)

பதினாறு

பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்னும் வாழ்த்தில் பதினாறு என்பது மக்கள் எண்ணிக்கையன்று. கல்வி, புகழ், நோயின்மை முதலான பதினாறு பேறுகள் என்பது புலவர் விளக்கம். 2024 அக்டோபரில் இந்து சமய அறநிலையத் துறை சார்பில் சென்னையில் 31 இணையருக்கு நடந்த திருமண விழாவில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் இவ்வாழ்த்தை எடுத்துக்கொண்டு, பதினாறு செல்வங்கள் என்னும் விளக்கத்தையும் கூறி, நாடாளுமன்றத் தொகுதி மறுசீரமைப்பை நோக்கினால் உண்மையாகவே பதினாறு பிள்ளைகள் பெறவேண்டுமோ எனத் தோன்றும் நிலை வந்திருக்கிறது என்னும் கருத்தில் பேசினார். நகைச்சுவையின் அடியில் உண்மைக் கவலை உண்டு. 1976இல் உறைநிலையில் வைக்கப்பட்ட தொகுதிப் பங்கீடு, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பையொட்டித் திருத்தப்படலாம். ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்னும் அளவுக்குப் பிறப்புவீதத்தைக் குறைத்த மாநிலம், குறைத்தமைக்காகவே இடங்களை இழக்கக்கூடும். கட்டுப்பட்டவருக்கு நேரும் தண்டனை இது. ஊர்க் கட்டுப்பாட்டில் தண்டனை மீறியவர்க்கே உரியது.

மாநிலத்தின் வாதம் நேர்மையானது. ஆனால் அவ்வாதம் தமிழில் வாழ்த்தாக உருக்கொள்ளும்போது அது மணமேடையில் நிற்கும் பெண்ணிடம் போய்ச் சேர்கிறது. 1956இல் குறைத்துப் பெறுக என்றவர்களும் இன்று கூட்டிப் பெறுக என்பவர்களும் நாட்டின் பெயராலோ மாநிலத்தின் பெயராலோ பேசுகின்றனர். பெரியார் பிரித்துக் காட்டிய காரணங்களுள் விடுதலையைத் தவிர எஞ்சியவை அனைத்தும், எண்ணிக்கை குறைய வேண்டியபோது கருத்தடைக்கும், கூட வேண்டியபோது அதன் எதிர்மறைக்கும் ஒருங்கே பயன்படுகின்றன. பதினாறு பேறுகளைப் பட்டியலிட்ட புலவர்கள் நன்மக்களை அவற்றுள் ஒன்றாக மட்டுமே வைத்தனர். எஞ்சிய பதினைந்துள் நோயின்மை உண்டு, துணிவு உண்டு, நுகர்ச்சியும் உண்டு.